மூட்டையின் பின்பக்கத்தில் ஓர் எண்

நாய்த் தீவனப் பையின் முன்பக்கத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. பளபளக்கும் ரோமத்தோடு ஒரு லாப்ரடார், பக்கத்தில் ஒரு கோழித்துண்டு, இரண்டு கேரட், கொஞ்சம் பச்சைப் பட்டாணி. விஷயமெல்லாம் பின்பக்கத்தில், விலைக்கும் தயாரிப்புத் தேதிக்கும் நடுவே பொடி எழுத்தில் இருக்கிறது. கச்சாப் புரதம் குறைந்தது 24 சதவீதம், கச்சாக் கொழுப்பு குறைந்தது 10, கச்சா நார் அதிகபட்சம் 5, ஈரப்பதம் அதிகபட்சம் 10. கடையில் நின்று இரண்டு பைகளை ஒப்பிட்டுப் பார்ப்பவர்களின் கண் முதல் எண்ணில்தான் நிற்கும். 24ஐ விட 28 உசத்தி, 28ஐ விட 32 உசத்தி.

அந்த 24 எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் கோபன்ஹேகனில் ஒரு பீர் ஆலைக்குப் போய்ச் சேருவோம். கார்ல்ஸ்பெர்க் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேதியியல் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் யோஹான் கெல்டால். ஆலைக்கு வரும் பார்லியில் புரதம் எவ்வளவு என்று தெரிந்தாக வேண்டும். கூடினால் பீர் கலங்கும். 1883இல் கெல்டால் அதற்கு ஒரு சுலபமான வழியை வெளியிட்டார். தானியத்தை அடர் கந்தக அமிலத்தில் கொதிக்க வைத்தால் எல்லாம் சிதைந்து, அதிலிருந்த நைட்ரஜன் அம்மோனியம் உப்பாகத் தங்கும். காரம் ஊற்றினால் அது அம்மோனியாவாக ஆவியாகும். அதைப் பிடித்து அளந்துவிடலாம். மாவுச்சத்திலும் கொழுப்பிலும் நைட்ரஜன் கிடையாது. புரதத்தில் ஏறக்குறைய 16 சதவீதம் உண்டு. ஆகவே கிடைத்த நைட்ரஜனை 6.25ஆல் பெருக்கு, புரதம் இவ்வளவு என்று எழுது.

இன்றும் ஆய்வகங்களில் கெல்டாலின் முறையோ, அதே தர்க்கத்தில் இயங்கும் கருவியோதான் வேலை செய்கிறது. பையில் ‘கச்சா’ என்று அச்சிடுவதன் காரணமும் இதுவே: அளக்கப்பட்டது நைட்ரஜன், புரதம் என்பது ஊகம். தோல் செருப்பை அரைத்துக் கொடுத்தாலும் இந்தச் சோதனை அருமையான ஒரு எண்ணைத் தரும், ஏனென்றால் தோலும் புரதம்தான். நாயின் குடல் அதைச் செரிக்குமா, நாய்க்கு உணவிலிருந்தே கிடைத்தாக வேண்டிய பத்து அமினோ அமிலங்களும் அதில் இருக்கின்றனவா என்பதெல்லாம் சோதனைக்குத் தெரியாது. யூரியாவையும் அது புரதம் என்றே எண்ணும். யூரியா தெளித்த வைக்கோலை மாட்டுக்குப் போடுவதில் ஒரு நியாயம் உண்டு. மாட்டின் முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அந்த நைட்ரஜனிலிருந்து நிஜப் புரதம் செய்து கொடுக்கின்றன. நாய்க்கு அப்படி ஒரு வயிறு இல்லை.

முறை தன்னளவில் மோசமானதல்ல. பார்லியில் பார்லி மட்டுமே இருக்கும் என்று நம்பிய ஆலைக்கு அது போதுமானதாக இருந்தது. கணக்குத் தெரிந்த ஒருவன் வந்து சேரும்வரை உலகத்துக்கும் போதுமானதாகத்தான் இருந்தது.

அந்தக் கணக்கு இது. மெலமைன் என்பது உடையாத தட்டுகளும் மேசைப் பலகைகளும் செய்யப் பயன்படும் வெள்ளைப் பொடி. அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். 66.6ஐ 6.25ஆல் பெருக்கினால் 416. அதாவது நூறு கிலோ மாவில் ஒரே ஒரு கிலோ மெலமைனைக் கலந்தால், ஆய்வகத் தாளில் நாலு கிலோவுக்கு மேல் ‘புரதம்’ கூடிவிடும். கோதுமை மாவில் புரதம் பத்துப் பன்னிரண்டு சதவீதம். அதிலிருந்து மாவுச்சத்தைக் கழுவி எடுத்த பின் மிஞ்சும் குளூட்டனில் எழுபத்தைந்துக்கு மேல். விலையும் அதற்கேற்ற உயரம். மாவை வாங்கி, மெலமைன் கலந்து, குளூட்டன் என்று பெயர் எழுதி விற்றால் நடுவில் நிற்கும் லாபம் எவ்வளவு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2007 மார்ச் 16 அன்று, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தைச் சேர்ந்த மெனு ஃபுட்ஸ் என்ற நிறுவனம் ஆறு கோடி டப்பாக்களையும் பைகளையும் சந்தையிலிருந்து திரும்பப் பெறுவதாக அறிவித்தது. கான்சாஸில் எம்போரியா, நியூ ஜெர்சியில் பென்சாக்கன் என்ற இரண்டு ஊர்களில் இருந்த ஆலைகளில், 2006 டிசம்பர் 3க்கும் 2007 மார்ச் 6க்கும் இடையே செய்த குழம்பு வகை ஈர உணவுகள் அவை. செல்லங்களை வளர்த்தவர்களை அதிரவைத்தது எண்ணிக்கை மட்டுமல்ல. பட்டியலில் ஏறக்குறைய நூறு வணிகப் பெயர்கள் இருந்தன. பல்பொருள் அங்காடியின் மலிவுச் சரக்கும், கால்நடை மருத்துவர் பரிந்துரைக்கும் விலையுயர்ந்த டப்பாவும் ஒரே பட்டியலில் வந்தன. அவற்றை எல்லாம் சமைத்தது ஒரே நிறுவனம். அலமாரியில் எதிரெதிரே நின்று போட்டி போட்ட பெயர்கள் பின்வாசல் வழியாக ஒரே அடுக்களைக்குள் போய்க்கொண்டிருந்தன.

நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து விழுவதாக அதற்குச் சில வாரங்கள் முன்பே புகார்கள் வரத் தொடங்கியிருந்தன. நிறுவனம் வழக்கமாக நடத்தும் சுவைச் சோதனையிலும் பூனைகள் இறந்தன. குற்றவாளி யார் என்று தேடியதில் முதலில் தவறான ஆள் மாட்டினான். நியூயார்க் மாநில ஆய்வகம் மார்ச் 23 அன்று அமினோப்டெரின் என்ற எலிமருந்தைக் கண்டதாக அறிவித்தது. மற்ற ஆய்வகங்களுக்கு அது அகப்படவில்லை; நோயின் அடையாளங்களும் ஒத்துப்போகவில்லை. ஒரு வாரம் கழித்து, மார்ச் 30 அன்று, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மெலமைன் என்றது. இறந்த விலங்குகளின் சிறுநீரிலும் சிறுநீரகத்திலும் படிகங்களாகவே அது கிடந்தது. வந்த வழி கோதுமைக் குளூட்டன்: கறித்துண்டு போலத் தெரியும் அந்தத் துண்டுகளைச் சிதறாமல் கட்டிவைக்கும் பசை. மெனு ஃபுட்ஸுக்கு அதை விற்றது லாஸ் வேகஸில் இருந்த கெம்நியூட்ரா என்ற இறக்குமதியாளர். அவர்களுக்கு விற்றது சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில், ஷுஜோ நகரத்து நிறுவனம் ஒன்று. சரக்கைப் பிரித்துப் பார்த்தபோது குளூட்டன் என்று வந்தது வெறும் கோதுமை மாவும் மெலமைனும்.

இங்கே ஒரு புதிர் எழுந்தது. மெலமைன் அத்தனை கொடிய நஞ்சு அல்ல. எலிகளைக் கொல்ல எவ்வளவு தேவை என்று பார்த்தால் அது சாப்பாட்டு உப்பின் அளவுக்குப் பக்கத்தில் நிற்கும். டப்பாக்களில் இருந்த அளவோ அதைவிட மிகக் குறைவு. பிறகு ஏன் செத்தன?

கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பிர்கிட் புஷ்னர் குழுவினர் சில பூனைகளை வைத்துச் சோதித்தார்கள். மெலமைன் மட்டும் கொடுத்த பூனைக்கு ஒன்றும் ஆகவில்லை. கலப்படச் சரக்கில் மெலமைனோடு சேர்ந்தே கிடைத்த சயனூரிக் அமிலத்தை மட்டும் கொடுத்த பூனையும் நன்றாகவே இருந்தது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்த பூனைகளுக்கு இரண்டு நாளுக்குள் சிறுநீரகம் நின்றது. இரண்டு மூலக்கூறுகளும் முக்கோண அமைப்புக் கொண்டவை. ஒன்றின் ஓரம் மற்றதன் ஓரத்தோடு ஹைட்ரஜன் பிணைப்புகளால் கச்சிதமாகப் பொருந்தும். பொருந்திப் பொருந்தித் தட்டையாகப் பரவி, அடுக்கடுக்காகக் கட்டியாகும். வயிற்றின் அமிலத்தில் இரண்டும் பிரிந்தே கரைந்திருக்கின்றன. இரத்தத்தில் கலந்து சிறுநீரகம்வரை சிக்கலில்லாமல் பயணம் செய்கின்றன. சிறுநீரகம் நீரை உறிஞ்சிச் சிறுநீரை அடர்த்தியாக்கும் நுண்குழாய்களில்தான் ஒன்றையொன்று கண்டுகொள்கின்றன. அங்கே கரையாத படிகம் விழுந்து குழாய் அடைபடுகிறது. தனித்தனியே நஞ்சுச் சோதனையில் தேறிவிடும் இரண்டு பொருள்கள் சேர்ந்து செய்த கொலை இது.

கொல்லப்பட்டவை எத்தனை என்பதில் இன்றுவரை ஒரே எண் கிடையாது. அமெரிக்காவில் நாய்க்கும் பூனைக்கும் மரணப் பதிவேடு இல்லை. நிர்வாகத்துக்கு வந்த புகார்கள் பதினேழாயிரத்தைத் தாண்டின. உரிமையாளர்கள் சொன்ன மரணங்கள் நாலாயிரத்துக்கு மேல். அவற்றில் ஆய்வகம் உறுதி செய்தவை மிகச் சில. பிணக்கூறாய்வுக்கு யார் அனுப்புவார்கள்? கொல்லைப்புறத்தில் புதைத்துவிடுவார்கள்.

இந்த விவகாரத்தில் என்னை அதிகம் உறுத்துவது 2004. அந்த ஆண்டு ஆசிய நாடுகள் பலவற்றில், தாய்லாந்தில் தயாரான உலர் உணவைத் தின்ற ஆயிரக்கணக்கான நாய்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. பூஞ்சை நஞ்சு என்று முடிவு கட்டி, சரக்கைத் திரும்பப் பெற்று, கோப்பை மூடினார்கள். 2007க்குப் பிறகு, பத்திரப்படுத்தி வைத்திருந்த அந்தச் சிறுநீரகத் திசுக்களை எடுத்துப் பார்த்தால், உள்ளே அதே மெலமைன், அதே சயனூரிக் அமிலம். மூன்று ஆண்டுகள் முன்பே விடை அந்தத் திசுக்களில் இருந்தது. அதன் பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். 2008இல் சீனாவில் தண்ணீர் ஊற்றிய பாலின் புரத எண்ணைத் தூக்கிக் காட்ட இதே பொடியைக் கலந்தார்கள். அரசுக் கணக்கிலேயே சுமார் மூன்று லட்சம் குழந்தைகள் நோயுற்றார்கள், ஆறு பேர் இறந்தார்கள்.

இனி பையின் மற்ற வரிகள். மூலப்பொருள் பட்டியலை எடை வரிசையில் எழுத வேண்டும் என்பது விதி. அதனால் முதலில் ‘கோழி’ என்று இருந்தால் கோழிதான் அதிகம் என்று நினைத்துக்கொள்கிறோம். கலவையில் போடும்போது இருந்த எடை அது, தண்ணீரோடு. பச்சைக் கோழியில் எழுபது சதவீதம் தண்ணீர். நூறு கிலோ கலவையில் 20 கிலோ கோழி, 18 கிலோ மக்காச்சோளம், 16 கிலோ அரிசி என்று வைத்துக்கொள்ளுங்கள். கோழிக்கு முதலிடம். அடுப்பில் தண்ணீர் போன பின் கோழியில் மிஞ்சுவது ஆறு கிலோ. சோளத்தில் தண்ணீர் குறைவு; அது ஏறக்குறைய பதினாறு கிலோவாக நிற்கிறது. பட்டாணியைப் பட்டாணி மாவு, பட்டாணிப் புரதம், பட்டாணி நார் என்று மூன்றாகப் பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் கீழே இறங்கிவிடும். இதில் எதுவும் சட்டவிரோதம் அல்ல.

எண்களிலும் தண்ணீர் இப்படித்தான் விளையாடும். டப்பா உணவில் ‘புரதம் 8 சதவீதம், ஈரப்பதம் 78’ என்றிருக்கும். உலர் உணவில் ‘24, 10’. தண்ணீரைக் கழித்துவிட்டுப் பாருங்கள். எட்டை 22ஆல் வகுத்தால் 36 சதவீதம்; இருபத்துநாலைத் தொண்ணூறால் வகுத்தால் 27கூட வராது. ஏழைபோலத் தெரிந்த டப்பாவில்தான் புரதம் கூடுதல்.

அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர்களின் சங்கம் 1909 முதல் இருக்கிறது. இங்கே விற்கும் பல பைகளிலும் அதன் ஆங்கிலச் சுருக்கத்தைப் பார்க்கலாம். அது எந்த உணவையும் சோதித்து ஒப்புதல் தருவதில்லை. மாதிரி விதிகளை எழுதுகிறது. அந்த விதிகளின்படி ‘நாய்களுக்கான கோழி’ என்று பெயரிட, தண்ணீர் நீங்கலாக 95 சதவீதம் கோழி வேண்டும். ‘கோழி விருந்து’ என்றால் 25 போதும். ‘கோழியுடன்’ என்றால் 3. ‘கோழிச் சுவை’ என்றால் நாக்குக்குத் தெரிகிற அளவு.

‘உபபொருள்’ என்ற சொல்லைக் கண்டு பலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஈரல், இரைப்பை, குடல், கழுத்து, கால் எல்லாம் அதில் அடக்கம். ஞாயிற்றுக்கிழமை குடல் குழம்புக்கும் ஆட்டுத்தலைக்கும் வரிசையில் நிற்கும் ஊர்க்காரர்களான நமக்கு அதில் அருவருப்பு கொள்ள உரிமை இல்லை. நாய்க்கு நெஞ்சுக்கறியைவிட ஈரலில் சத்து அதிகம். கேட்க வேண்டிய கேள்வி வேறு: எந்த விலங்கின் ஈரல், அது எப்படி இறந்தது? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவுவது இந்தத் தொழிலோடு கூடப் பிறந்தது. 1860 வாக்கில் இங்கிலாந்தில் நாய் பிஸ்கட்டை முதன்முதலாக வணிகமாக்கிய அமெரிக்கர் ஜேம்ஸ் ஸ்ப்ராட், தன் பிஸ்கட்டில் போகும் இறைச்சி எங்கிருந்து வருகிறது என்பதைக் கடைசிவரை ரகசியமாகவே வைத்திருந்தார்.

எப்படி இறந்தது என்பது வீண் கேள்வி அல்ல. பென்டோபார்பிட்டால் என்பது விலங்குகளைக் கருணைக்கொலை செய்யப் போடும் மருந்து. செத்த உடலை உருக்கிக் கொழுப்பும் மாவும் எடுக்கும் ஆலையின் சூட்டில்கூட அது அழிவதில்லை. அமெரிக்க நிர்வாகம் கடைகளில் வாங்கிச் சோதித்த நாய் உணவுகள் சிலவற்றில் அது இருந்ததாக 2002இல் அறிக்கை வெளியிட்டது. நாயையே நாய்க்குப் போடுகிறார்கள் என்ற வதந்தி அப்போது பலமாக இருந்ததால் டிஎன்ஏ சோதனையும் செய்தார்கள். நாயோ பூனையோ அகப்படவில்லை. மாடு அல்லது குதிரையாக இருக்கலாம் என்று முடிவுக்கு வந்தார்கள். 2018இல் மீண்டும் ஒரு பெரிய நிறுவனத்தின் டப்பாக்களில் அது தென்பட்டது. ஒரே ஒரு விற்பனையாளர் கொடுத்த மாட்டுக் கொழுப்பு வழியாக வந்தது.

யாரும் கலக்காமல் தானாகச் சேரும் நஞ்சும் உண்டு. ஈரம் பட்ட மக்காச்சோளத்திலும் கடலைப் பிண்ணாக்கிலும் வளரும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை, அஃப்ளடாக்சின் என்ற கல்லீரல் நஞ்சைச் சுரக்கிறது. வேக வைத்தாலும் போகாது. பூஞ்சையே செத்த பிறகும் நஞ்சு தங்கும். 2020 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் சோளம் கலந்த உணவால் நூறுக்கு மேற்பட்ட நாய்கள் இறந்ததாகப் புகார்கள் வந்தன. இந்த நஞ்சுக்கும் நாய்க்கும் உறவு பழையது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள்போலச் செத்து அதன்மூலம் அஃப்ளடாக்சின் கண்டுபிடிக்கப்பட்டது என்பது பாடநூல் கதை. அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே அமெரிக்காவின் தென்கிழக்கில் நாய்களுக்கு வந்த இனம்தெரியாத கல்லீரல் நோயை ‘ஹெபடைடிஸ் எக்ஸ்’ என்று எழுதி வைத்திருந்தார்கள். அதுவும் இதுதான் என்று பிற்பாடு தெரிந்தது.

நம் நாட்டில் இதே நஞ்சு தாக்கியது 1974இன் கடைசி மாதங்களில். ராஜஸ்தானின் பன்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமஹால் மாவட்டங்களில் பருவம் தப்பிய மழையில் நனைந்த மக்காச்சோளத்தைப் பழங்குடி மக்கள் வேறு வழியின்றிச் சாப்பிட்டார்கள். மஞ்சள் காமாலை, வயிறு வீக்கம். 397 பேர் பாதிக்கப்பட்டு 106 பேர் இறந்தார்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் போய் விசாரித்தபோது கிராமத்தார் சொன்ன ஒரு விவரத்தை அறிக்கையில் பதிந்திருக்கிறார்கள்: மனிதர்களுக்கு வருவதற்கு முன்பே வீட்டு நாய்களுக்கு அதே மஞ்சளும் வீக்கமும் வந்து அவை செத்துப்போயின. ஒரே சோளம், உடல் மட்டும் சிறியது.

இத்தனையும் படித்தவர்கள் ‘பையே வேண்டாம், வீட்டிலேயே சமைத்துப் போடுகிறேன்’ என்று கிளம்புவார்கள். சோறு நாய்க்கு ஆகாது என்று சிலர் மிரட்டுவதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஓநாயிடம் மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் மரபணு இரண்டு பிரதிகள் இருக்கின்றன. நாயிடம் நான்கு முதல் முப்பதுவரை இருப்பதாக 2013இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டார்கள். மனிதனோடு வாழ்ந்து, அவன் எறிந்த சோற்றையும் ரொட்டியையும் செரிக்கப் பழகிய விலங்கு அது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அதே 2013இல் டேவிஸ் பல்கலைக்கழகத்தார், கால்நடை மருத்துவர்கள் எழுதியவை உட்பட 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைச் சரிபார்த்தார்கள். எல்லாச் சத்தும் குறைந்தபட்ச அளவுக்கு இருந்தவை ஒன்பதே ஒன்பது. சோறும் எலும்பில்லாத கோழியும் தின்று வளரும் குட்டிக்குப் பாஸ்பரஸ் நிறையக் கிடைக்கும், கால்சியம் கிடைக்காது. உடம்பு தன் எலும்பைக் கரைத்து அந்தக் குறையை ஈடுகட்டும்; முன்னங்கால் வளையும், சின்னக் குதிப்புக்கே முறியும். தினமும் நல்ல கறி போடுகிற வீட்டில்தான் இந்த நோய் வருகிறது என்பதால் யாரும் உணவைச் சந்தேகிப்பதில்லை.

வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பது இப்போது பலருக்குத் தெரியும். புளியைப் பற்றித் தெரிந்தவர்கள் குறைவு. திராட்சை தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் கெடுவது ஏன் என்பது இருபது ஆண்டுகளாக விடை தெரியாமல் இருந்தது. டார்டாரிக் அமில உப்பு கலந்த விளையாட்டுக் களிமண்ணைத் தின்ற ஒரு நாய்க்கு அச்சு அசலாக அதே பாதிப்பு வந்ததைக் கண்டு, அமெரிக்க விலங்கு நஞ்சு மையத்து மருத்துவர்கள் டார்டாரிக் அமிலத்தைச் சந்தேகித்தார்கள். புளியைத் தின்ற நாய்களும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. 2022இல் அது கட்டுரையாக வந்தது. புளியைப் புளிக்க வைப்பது அந்த அமிலம்தான். குழம்புச் சோற்றில் கரைந்த அளவு எவ்வளவு தீங்கு செய்யும் என்பதற்கு யாரும் கோடு போட்டுக் கொடுத்ததில்லை, நான் போடமாட்டேன். தயிர்சோறு போதும்.

பை வாங்குகிறவர்கள், விற்றவர் பெயரைவிடத் தயாரித்தவர் பெயரைத் தேடுவது நல்லது. ‘இன்னாருக்காகத் தயாரிக்கப்பட்டது’ என்று இருந்தால் அந்த ‘இன்னாருக்கு’ ஒரு கடிதம் போட்டு, தயாரித்தவர் யார் என்று கேட்கலாம். பையைப் பிரித்ததும் எவர்சில்வர் தூக்கிலோ பிளாஸ்டிக் டிரம்மிலோ கொட்டிவிட்டுப் பையைக் குப்பையில் போடும் பழக்கம் நம் வீடுகளில் பரவலாக உண்டு. கடைகளிலும் பெரிய மூட்டையைப் பிரித்து வைத்துக் கிலோக் கணக்கில் சில்லறையாக நிறுத்துத் தருகிறார்கள். விலை குறையும், தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் மூட்டையோடு கடையிலேயே நின்றுவிடும். 2007 மார்ச்சில் தங்கள் வீட்டு டப்பா அந்த மூன்று மாதத்துச் சரக்கா என்று மக்கள் தெரிந்துகொண்டது டப்பாவில் குத்தியிருந்த எண்ணை வைத்துத்தான். தீவனத்தைப் பையோடே டிரம்முக்குள் இறக்கி வையுங்கள். நாய் இரண்டு நாள் சாப்பிடாமல் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தால், மருத்துவரிடம் போகும்போது பையையும் ஒரு கைப்பிடி தீவனத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள்.